மொட்டை மாடியில் நிற்பது கணக்கில் வருமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"சார், ஒரு வருடத்தில் 1000 மணி நேரம் வெளியில் கழிக்க வேண்டும் என்று ஒரு சவால் பார்த்தேன். எனக்கு ஐடி வேலை. சனி, ஞாயிறு தவிர வெயிலையே பார்ப்பதில்லை. இந்த வருடம் அந்த 1000-ஐ இலக்காக வைத்துக்கொள்ளலாமா? வைத்தால் எதையெல்லாம் சேர்க்கலாம்? மொட்டை மாடியில் நிற்பது கணக்கில் வருமா? பைக்கில் ஆபீஸ் போகிற நேரம் வருமா?"

பைக் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். வராது தம்பி. மூலக்கடை சிக்னலில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிற்கிற நேரத்தை யாராவது ஆசையாகக் கூட்டிக்கொள்வார்களா? மொட்டை மாடி வரும். தாராளமாக வரும். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 1000. அமெரிக்காவில் மிச்சிகனைச் சேர்ந்த ஜின்னி யூரிச் என்கிற அம்மா தன் பிள்ளைகளுக்காக 2013-இல் ஆரம்பித்தது இது. பிள்ளைகள் திரையைப் பார்க்கிற நேரத்துக்கு ஈடாக வெளியிலும் விளையாடட்டும் என்பதுதான் யோசனை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கும், கோடை விடுமுறை இரண்டு மாதம் இருக்கிற பிள்ளைக்கும் அது பொருந்தும். உங்களுக்கு? 1000-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள். தினமும் 2 மணி 44 நிமிடம். வேலைக்குப் போகிற மனிதர் ஜனவரி முதல் வாரம் சமாளிப்பார். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வயல், வாய்க்கால் என்று கொஞ்சம் ஏற்றிக்கொள்வார். பிப்ரவரியில் ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் வரும், பத்து நாள் விட்டுப்போகும், அதோடு அந்த நோட்டு அலமாரிக்குப் போய்விடும். இலக்கு பெரிதாக இருப்பதால் மட்டும் இது நடப்பதில்லை. எல்லா நாளையும் ஒரே அளவில் வெட்டி வைப்பதால்தான் நடக்கிறது.

அந்தப் பக்கத்து நுனியையும் பார்த்துவிடுவோம். 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்து ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம், கடல், பூங்கா என்று இயற்கைக்கு நடுவில் இருந்தவர்கள், அப்படிப் போகவே போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலம் நன்றாக இருக்கிறது என்று கூடுதலாகச் சொன்னார்கள். அந்த 120 நிமிடத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் சரி, துண்டு துண்டாகக் கழித்தாலும் சரி, வித்தியாசம் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறவர்கள்தான் வெளியே அதிகம் போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். இருந்தாலும் அடிமட்டம் என்று ஒன்று வேண்டும் அல்லவா? வாரம் 2 மணி என்றால் வருடத்துக்கு 104 மணி நேரம். ஆக, கீழே 104, மேலே 1000. உங்களுக்கு நான் சொல்வது 300. ஏன் 300 என்று கேட்காதீர்கள், அதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. கொஞ்சம் மெனக்கெட்டால்தான் எட்டும், ஆனால் எட்டாமல் போகாது.

இப்போதுதான் முக்கியமான இடம். இந்த 300-ஐ மாதத்துக்கு 25 என்று பிரிக்காதீர்கள். சென்னையில் அது நடக்காது. நம் வீடுகளில் வருடத்துக்கு வேண்டிய புளியை எப்போது வாங்குவார்கள்? மாசி, பங்குனியில், புதுப் புளி வருகிறபோது மொத்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் வைத்துவிடுவார்கள். மாதாமாதம் கடைக்கு ஓடுவதில்லை. வெளியில் இருக்கிற நேரத்தையும் அப்படித்தான் விளைகிற காலத்தில் வாங்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், இந்த மூன்று மாதத்தில் 110 மணி நேரத்தை எடுத்துவிடுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை 50 போதும். ஜூலை முதல் செப்டம்பர் வரை 80. மழை மாதங்கள் மூன்றுக்கும் சேர்த்து 60. கூட்டிப் பாருங்கள், 300 வரும்.

மேல்நாட்டு சவால்கள் எல்லாம் குளிர்காலத்தில் சுருங்கி, கோடையில் விரிகிறவை. நமக்குத் தலைகீழ். நம்முடைய வெளிக்காலம் மார்கழிப் பனியில் ஆரம்பிக்கிறது. மயிலாப்பூர் மாட வீதியில் அந்த மாதம் விடியற்காலையில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஜனவரியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் வலசைப் பறவைகள் இருக்கும். 2022-இல் அதற்கு ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற அங்கீகாரம், கிடைத்தது என்று அப்போதே ஒரு வீடியோவில் பேசினோம். அதே பருவத்தில்தான் ஆமை நடையும். பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற மாதங்களில், வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையிலேயே நடப்பார்கள். மாணவர்கள் சேர்ந்து 1988-இலிருந்து இதைச் செய்து வருகிறார்கள். பொதுமக்களும் கூடப் போகலாம். ஓர் ஆமை நூறு முட்டைக்கு மேல் இடும். நாய் தோண்டிவிடாமல் அதையெல்லாம் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஒரு இரவு போனால் ஐந்து மணி நேரம் கையில். ஆமை வராவிட்டாலும் மணி நேரம் மணி நேரம்தான்.

கோடையில் வீராப்பு வேண்டாம். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் கடல்காற்றுதான் நம் கடிகாரம். பன்னிரண்டு, ஒரு மணிக்கே கிழக்கிலிருந்து காற்று உள்ளே வந்துவிட்டால் அன்று பிழைத்தோம். மேற்குக் காற்று பலமாக வீசி அதைக் கடலிலேயே நிறுத்தி வைத்துவிட்டால், மூன்று மணி வரை ஊர் கொதிக்கும். ஆனால் கோடைக்கு ஒரு சலுகை உண்டு. ஜனவரி கடைசியில் சூரியன் உதிக்க ஆறரை தாண்டிவிடும். மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே உதித்துவிடும். சீக்கிரம் எழுந்துகொள்கிறவருக்கு அங்கே ஒரு மணி நேரம் இனாம்.

அக்டோபருக்குப் பிறகு மழை. வருடத்துக்கு நமக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில். மழை விட்ட காலை நேரம் அருமையாக இருக்கும், போங்கள். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. டெங்குக் கொசு பகலில் கடிக்கிற ஜாதி, அதனால் பூங்காவில் உட்காரும்போது முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

அப்புறம், தொடர்ந்து பார்க்கிறவர்கள் இப்போது "கீரை வரப்போகிறது" என்று சிரித்துக்கொண்டிருப்பீர்கள். வரத்தான் போகிறது. வெளியே போவதற்கு என்று புதிதாக நேரம் தேடாதீர்கள், கிடைக்காது. வீட்டுக்குள் எப்படியும் செய்யப் போகிற ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் செய்யுங்கள். கீரை ஆய்வதைச் சமையலறையில் டியூப்லைட்டுக்குக் கீழே செய்தாலும் அரை மணி, வாசற்படியில் உட்கார்ந்து செய்தாலும் அரை மணி. தம்பிக்குக் கீரை வேண்டாம் என்றால் போன் கால் இருக்கிறது. உங்கள் மீட்டிங்குகளில் பாதியில் நீங்கள் மியூட்டில்தானே இருக்கிறீர்கள்? வீட்டிலிருந்து வேலை செய்கிற நாளில் மாடிக்கு ஏறிப்போய்க் கேளுங்கள். காலைக் காபியை டீவிக்கு முன்னால் குடிக்காமல் தெருவைப் பார்த்துக் குடியுங்கள். கண்ணுக்கும் அது நல்லது. வெளிச்சத்தை லக்ஸ் என்கிற அலகில் அளப்பார்கள், ஆபீஸுக்குள் அது 300 முதல் 500 லக்ஸ் வரைதான் இருக்கும். பகலில் மர நிழலில் உட்கார்ந்தால்கூடப் பல ஆயிரம் லக்ஸ். இரவில் தூக்கம் நேரத்துக்கு வருவதற்குக் காலை வெளிச்சம் உதவுகிறது.

இன்னொன்று, வெளியில் இருப்பதற்கு நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒருநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்த ஒரு மாமா என்னைக் கடக்கும்போதெல்லாம் பார்த்தார். கடைசியில் நின்று, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். "அப்போ ஏன் சும்மா உட்கார்ந்திருக்கீங்க?" என்றார். பதில் சொல்வதற்குள் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார். அவர் சுற்றுகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், பாவம், நான் பேச்சுக் கொடுத்து எண்ணிக்கையைக் கெடுத்திருப்பேன். நடை நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் 300-இல் உட்கார்ந்த நேரத்துக்கும் முழு மதிப்பு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டீக்கடை பெஞ்ச் வரும். பையன்கள் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நிற்பது வரும். பறக்கும் ரயில் பிளாட்பாரம் பாதி வரும், காற்று நன்றாக இருப்பதால். மால் வராது. மெரினாவில் கார் கண்ணாடியை ஏற்றி ஏசியில் பஜ்ஜி சாப்பிட்டால் வராது. எழுதி வைப்பதற்கு ஆப் எதுவும் வேண்டாம், சமையலறையில் தொங்குகிற மாதக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் ஓர் எண் போதும். ஒரு வாரம் விட்டுப்போனால் அதைக் கடனாக்கி அடுத்த வாரத்தில் ஏற்றாதீர்கள். பெரம்பூர் என்பதால் சொல்கிறேன், மேம்பாலத்தை ஒட்டிய பூங்கா இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் ரெட்டேரிக் கரை. பூங்காக்கள் பல இடங்களில் நடுப்பகலில் பூட்டியிருக்கும், நேரம் பார்த்துக்கொண்டு போங்கள்.

தம்பி இவ்வளவு எழுதியவர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. உண்மையில் எனக்கு அதுதான் தெரிய வேண்டும். நீங்கள் ஆபீஸில் அடைந்து கிடப்பதாகச் சொல்கிறீர்கள், ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது உங்களுக்குக் கதவு திறக்கிறது. வீட்டில் அம்மா இருக்கிறாரா? அவருடைய போன வருடக் கணக்கு எவ்வளவு என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

என் சித்தி நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் இல்லாத கட்டடம். முழங்கால் வலி. "கீழே இறங்கிடலாம்டா, திரும்ப ஏறணுமே" என்பார். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் அவருக்கு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. முன்பெல்லாம் மொட்டை மாடிக்கு ஏறுவார், அது ஒரே ஒரு தளம்தானே. துணி காயப்போட, வடாம் போட, மிளகாய் உலர்த்த. வடாம் போட்டால் காக்காய்க்குக் காவல் வேறு, முக்காடு போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் யாரோ பையன்கள் மேலே குழாயை உடைத்துவிட்டார்கள். குடியிருப்போர் சங்கம் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டது. சாவி செயலாளர் வீட்டில். கேட்டால் கொடுப்பார், ஆனால் ஒவ்வொரு முறையும் போய்க் கேட்க அறுபத்தைந்து வயதுப் பெண்மணிக்குக் கூச்சமாக இருக்குமா இருக்காதா? வடாமைக் கடையில் வாங்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பூட்டு, ஒரு கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேருடைய வெளிநேரத்தையும் எடுத்துவிட்டது.

பிள்ளைகளுக்கும் இதே கதைதான், யாராவது கதவைத் திறந்துவிட்டால்தான் வெளிநேரம். சீனாவில் குவாங்சோவில் சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-இல் வந்த முடிவு இது.

அதனால் தம்பி, 300-ஐ உங்களுக்கு மட்டும் வைக்காதீர்கள். காலண்டரில் இரண்டு எண் எழுதுங்கள், ஒன்று உங்களுடையது, ஒன்று அம்மாவுடையது. அம்மாவுக்கு 104-இலிருந்து ஆரம்பியுங்கள். பூங்காவுக்கு அழைத்துப் போவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை போய்க் கழிப்பறை திறந்திருக்கிறதா, சாய்ந்து உட்கார பெஞ்ச் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அது இல்லையென்றால் பெண்கள் பத்து நிமிடத்தில் "போகலாம்" என்பார்கள், நாம் அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். நடக்க முடியாதவர் என்றால் மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சக்கர நாற்காலி போகிற மரப்பாதை இருக்கிறது. 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்துவிட்டது, பிறகு சரிசெய்தார்கள்.

சித்தி வீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செயலாளரிடம் போய்ப் பேசினேன். நல்ல மனிதர், குழாய்க்குத்தான் பயப்படுகிறார். காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஏழு கதவைத் திறந்து வைப்பது, சாவி மூன்றாவது மாடியிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. சித்தி இப்போது சாவிக்காரர். ஏழு மணிக்குப் பூட்டப் போகிறேன் என்று போனை வைத்துவிடுகிறார், பேசவே முடிவதில்லை.

உங்கள் கட்டடத்து மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக் கீழே எழுதிப் போடுங்கள். சரி, அடுத்தது மடிப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா, தொட்டியில் இருக்கிற செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்கிறார்.