வாளா, வாயா?

நடுவர் அவர்களே, வாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, கும்பகோணத்துப் பெரியோர்களே, வணக்கம்.

பின்வரிசைத் தாத்தாக்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் லீவு நாளில் வட்டமாக உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் கட்டி 20 முகப் பகடையை உருட்டுவார்கள். அவர்கள் ஆடிய கதையில் ஒற்றைக்கண்ணன் என்று ஒரு கொள்ளைக்காரன். தனியாளாக டிராகனைக் கொன்றவனாம். அந்த ஊரே அவன் பேரைக் கேட்டு நடுங்குகிறது. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது அவன் வாளா, ஊர் வாயா? வாய்தான் என்கிறது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். சரி அண்ணே, நெருப்புக் கணக்கையே பார்த்துவிடுவோம். 2014இல் வந்த அந்த விளையாட்டின் அரக்கர் கையேட்டில் கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கு உயிர்ப் புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்ற கணக்கு, 65. வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு 256. அது ஒருமுறை நெருப்பை ஊதி, தப்பிக்க உருட்டிய பகடையும் காலை வாரினால், சராசரியாக 63 புள்ளி போய்விடும். மிச்சம் 2. அந்த உயிரை வைத்துக்கொண்டு டிராகனை வெட்டினானாம்! அவன் அடியாட்களுக்குத் தலைக்கு 11 புள்ளி. அவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

அப்புறம் எப்படிக் கதை வளர்ந்தது? அவன் செய்தது, ஒரு தானிய வண்டியை மறித்தது. அவ்வளவுதான். "ஒருத்தன் வந்தான், பயந்துபோய்க் கொடுத்துட்டேன்" என்று வண்டிக்காரன் முதலாளியிடம் சொல்ல முடியுமா? "பத்துப் பேருங்க, ஆளுக்கொரு வாளுங்க" என்றான். சத்திரக்காரன், "இருட்டிவிட்டது, வழியில் அவன் இருக்கிறான், இங்கேயே தங்குங்கள்" என்று வாடகையை ஏற்றினான். வரி வசூலித்தவன், கணக்கில் உதைத்த பணத்தை அவன் பேரில் எழுதினான். பாடகனைக் கேட்கவே வேண்டாம். வண்டி மறித்தவனைப் பாடினால் யார் காசு போடுவார்கள்? அவன்தான் டிராகனைக் கொண்டுவந்து சேர்த்தான். பொய் சொன்ன ஒவ்வொருவனுக்கும் அதில் ஒரு லாபம் இருந்தது, நடுவர் அவர்களே.

நம் பக்கம் மட்டும் என்ன? கொள்ளிடத்துப் படுகை நாணலில் திருடன் பதுங்கியிருக்கிறான் என்று சொல்லி, விளக்கு வைக்குமுன் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துப்போட்ட பாட்டிகள் எத்தனை பேர்! எந்தப் பாட்டி அவனைக் கண்ணால் பார்த்தாள்?

இங்கிலாந்துப் பழங்கதைகளில் வரும் கொள்ளைக்காரன் ராபின் ஹூட்டையும் எதிரணியினர் துணைக்கு அழைத்தார்கள். பழைய பாட்டுகளில் அவன் சாதாரணக் குடியானவன். 1598 வாக்கில் லண்டன் நாடகக்காரர் ஒருவர் அவனைப் பிரபுவாக்கிவிட்டார். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது வாளா, ஐயா?

விளையாட்டை எழுதியவர்களுக்கும் இது தெரியும். ஒருவனை மிரட்ட வேண்டுமென்றால் பகடையோடு உடல் வலுவைக் கூட்டச் சொல்வதில்லை. ஆளைக் கவரும் திறமையைத்தான் பொதுவாகக் கூட்டச் சொல்கிறார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணி அக்கா வேறெதுவும் சொல்ல வேண்டாம். மிச்சமிருந்த அந்த 2 புள்ளியோடு ஒற்றைக்கண்ணன் டிராகனை என்ன செய்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகட்டும். வணக்கம்.