இழுத்தும் நகராத வள்ளம்

வணக்கம். பாம்பன் தெற்குவாடிக் கடற்கரையில் நிற்கிறேன். காற்று பலமாக இருப்பதால் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால், கடலிலிருந்து கரையேற்றிக்கொண்டிருக்கும் வள்ளத்தைப் பாருங்கள். அதன் தலைப்பில் கட்டிய கயிற்றை நான்கு பேர் இழுக்கிறார்கள். கயிறு விறைத்து நிற்கிறதே தவிர, வள்ளம் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்று என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளைக் கேட்டால், இழுக்கும் விசையைவிட உராய்வு விசை அதிகம் என்று தயங்காமல் சொல்வார்கள். அது தவறு. உராய்வு உண்மையிலேயே அதிகமாக இருந்தால், வள்ளம் இழுப்பவர்களை விட்டுவிட்டுக் கடலை நோக்கித் தானாக நகர்ந்திருக்க வேண்டுமல்லவா? நிற்கும் வள்ளத்தின் மீது செயல்படும் உராய்வு, இழுப்பதற்குச் சரிசமமாகவே இருக்கும். ஒருவர் இழுத்தால் ஒருவருடைய விசைக்குச் சமம், நால்வர் இழுத்தால் நால்வருடைய விசைக்குச் சமம், யாரும் இழுக்காவிட்டால் பூச்சியம். கேட்ட அளவுக்கு மட்டுமே கொடுக்கும் இந்த விசைக்கு நிலை உராய்வு என்று பெயர்.

ஆனால் அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. கணக்குக்காக வள்ளத்தின் நிறையை 400 கிலோகிராம் என்றும், நிலை உராய்வின் வரம்பை 2000 நியூட்டன் என்றும், ஒருவர் 300 நியூட்டன் விசையுடன் இழுப்பதாகவும் வைத்துக்கொள்வோம்; கரையின் சரிவை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நால்வர் சேர்ந்தால் 1200, உராய்வும் 1200, விசைகள் சமன்பட்டுவிட்டன. எழுவர் சேர்ந்தால் 2100, வரம்பு தாண்டிவிட்டது, வள்ளம் புறப்படுகிறது. புறப்பட்ட கணமே உராய்வு குறைகிறது. இயக்க உராய்வு 1600 நியூட்டன் என்று கொண்டால், மிஞ்சும் 500 நியூட்டன் வள்ளத்துக்கு வினாடிக்கு வினாடி 1.25 மீட்டர் என்ற முடுக்கத்தைத் தருகிறது. அதன் பிறகு 1600 நியூட்டனுக்கு இழுவையைத் தளர்த்தினாலும் வள்ளம் நிற்காமல் சீரான வேகத்தில் வரும். சமன்பட்ட விசைகள் என்றால் பொருள் நின்றே ஆக வேண்டும் என்பதில்லை. வேகம் மாறாது என்பது மட்டுமே அதன் பொருள்.

மீனவர்கள் சேர்ந்து இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் பயன் இங்கேதான் தெரிகிறது. ஏழு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால், எந்த ஒரு நொடியிலும் மொத்தம் 2000 நியூட்டனைத் தொடாது. பொழுது சாயும்வரை இழுத்தாலும் வள்ளம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று சேர்ந்து குரல் கொடுக்கும் அந்த ஒரே நொடியில் எல்லோருடைய விசையும் கூடுகிறது. கேளுங்கள், இன்னும் மூன்று பேர் வந்து கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். முதல் குரலுக்குக் கயிற்றின் தொய்வு மட்டுமே போனது. இரண்டாவது குரலுக்கு வள்ளம் கிளம்பிவிட்டது.

அடியில் பனந்துண்டுகளை உருளையாகப் போட்டிருந்தால் இவ்வளவு ஆளே தேவையில்லை, ஏனெனில் உருளும் உராய்வு நழுவும் உராய்வைவிட மிகக் குறைவு. ஆனாலும் காய்ந்த மணலில் உருளையே புதைந்துவிடும் என்பதால், அதற்குக் கீழே பலகை விரிக்க வேண்டும்.

இப்போது கயிற்றை விட்டுவிட்டார்கள். நமது கணக்கின்படி, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்த வள்ளம் உராய்வு மட்டுமே எதிர்த்து நிற்க, பன்னிரண்டரை சென்டிமீட்டரில் நின்றுவிடும்; ஒரு சாண் தூரம்கூட இல்லை.

தண்ணீரில் மிதக்கும் அந்த இன்னொரு வள்ளத்தையும் காட்டுகிறேன். பத்து வயதுப் பையன் ஒருவன் இடுப்பளவு நீரில் நின்று அதை ஒற்றைக் கையால் தள்ளுகிறான். மெதுவாகத்தான் என்றாலும் அது நகர்கிறது. எடையை மிதப்பு விசை சமன்செய்துவிட்டது. நீரோ நகரும் பொருளை மட்டுமே தடுக்கும், நிற்கும் பொருளைப் பிடித்துவைக்காது. தாண்ட வேண்டிய வரம்பு என்று அங்கே ஒன்றுமே இல்லை.