திரும்பக் காதலிக்கச் சின்ன ஊர்தான் சரி

நடுவர் ஐயாவுக்கும் இந்த மழைக்குள்ளயும் வெள்ளவத்தைக்கு வந்து குந்தியிருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். விவாகரத்துக்குப் பிறகு இன்னொரு காதல் அமைய ஏத்த இடம் கொழும்பா சின்ன ஊரா எண்டதுதான் தலைப்பு, நான் சின்ன ஊர்ப் பக்கம்.

எதிரணி அக்கா வடிவாக் கதைச்சா. கொழும்பில பக்கத்து பிளாட்டில ஆர் எண்டே தெரியாது, ஒருத்தரும் பழசைக் கிண்ட மாட்டினம், அந்த நிம்மதியிலதான் புது உறவு வரும் எண்டா. கிண்டாதது உண்மைதான் அக்கா, ஆனா பழசு தெரியாத சனத்துக்கு உங்கட நல்லதும் தெரியாதே.

எங்கட இலங்கைச் சட்டத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி ரெண்டு பேரும் சேந்து போய் ஒத்துவரேல்லை எண்டு சொன்னாப் பிரிக்க மாட்டினம், வேற ஆளோட போனது, வேணுமெண்டு கைவிட்டது எண்டு ஒருத்தரில பிழையை மாவட்ட நீதிமன்றத்தில நிரூபிக்கோணும், முதல் தீர்ப்பு வந்தாலும் அது முடிவாக மூண்டு மாசமாவது காத்திருக்கோணும். அதனால வெளிய வாற ஆளுக்குப் பின்னால ஆரில பிழை எண்ட கேள்வியும் சேந்து வருது. கொழும்பில புரோக்கரிட்டப் போனா முதல் கேள்வியே அதுதான், பேப்பர் விளம்பரத்தில கூடத் தன்னில பிழையில்லை எண்டு போட வேண்டிக் கிடக்கு. அந்த ஒரு வரியை வச்சு ஒரு மனுசரை எப்பிடி அளக்கிறது?

சின்னம்மான்ர மகள், இங்க ஒரு ஒபிஸில கணக்கு வேலை செய்தவள், பிரிஞ்ச பிறகு யாழ்ப்பாணப் பக்கம் சாவகச்சேரிக்கே திரும்பிப் போய்ச் சனசமூக நிலையத்தில பின்னேரத்தில பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாள். சனம் கதைச்சது, நான் மறைக்கேல்லை, நல்லாவே கதைச்சது. பிறகு மாம்பழ சீசன் வர அவையளுக்கு வேற கதை கிடைச்சிட்டுது.

அந்த வகுப்புக்கு ஒரு சின்னப் பிள்ளை ரெண்டு பக்கமும் ரெண்டு உயரத்தில பின்னின தலையோட வரும். பின்னிவிடுறது தகப்பன், அவரும் பிரிஞ்சவர்தான், சந்தைக்குப் பக்கத்தில சைக்கிள் கடை. கிழமை போகப் போகப் பின்னல் நேராகிக்கொண்டு வந்ததை இவள் கவனிச்சிருக்கிறாள், அவர் ஒருக்கா வாசல்ல நிண்டு ரிப்பன் நிக்குதில்லை ரீச்சர் எண்டு கேக்க, இவள் அதிலயே வச்சுக் கட்டிக் காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான் தொடக்கம். சொல்லுங்கோ ஐயா, எந்தப் புரோக்கரின்ர போர்மில இதை எழுதுறது! எதிர்க்கடை அன்ரிக்கு இவை ரெண்டு பேருக்கும் முதலே விளங்கிட்டுது, "தம்பி, ரீச்சர் இண்டைக்கு வெள்ளன வந்திட்டா" எண்டு அவரைக் கண்டு சொல்லுவாவாம்.

இதுவும் பிழைச்சா ஊர் முழுக்கத் தெரியுமே எண்டு அக்கா கேட்டா. ஓம், தெரியும். அதனாலதான் அவை அவசரப்படேல்லை, பிள்ளைக்கு முதல் சொல்லி, அவள் ஓம் எண்ட பிறகுதான் வீட்டில கதைச்சவை. ஒருக்கா அடிபட்ட மனசுக்கு அந்த மெதுவான நடை வேணும், கோல் பேஸ் கடற்கரையில ரெண்டு பின்னேரம் இறால் வச்ச இஸ்ஸோ வடை சாப்பிட்டு ஒருத்தரை அறிய ஏலாது.

ரெண்டு பேரும் போன வருசம் பதிவு எழுதிட்டினம், பிள்ளைதான் மாலை எடுத்துக் குடுத்தவள். தீர்ப்பைச் சின்ன ஊருக்கே தாங்கோ நடுவர் ஐயா.