மூணு டாலர் செப்புக் காப்பு

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கற நம்ம தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (இவரை விட்டுட்டா அடுத்த வருஷம் மைக்குக்கு காசு வராது), தமிழ்ப் பள்ளி முதல்வரம்மா அவர்களே, ஞாயித்துக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுட்டு வந்திருக்கற கவுன்ட்டி கமிஷனர் அவர்களே. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனா என் பேத்தி பக்கத்துல உக்காந்து காதுல சொல்லிக்கிட்டிருக்கா, அதனால அவரைப் பத்தி ஏதும் சொல்லிடாதீங்க. அப்புறம் முன் வரிசையில ரெண்டு பெரியவங்க, வியட்நாம் போருக்குப் போனவங்க, நம்ம அழைப்பை மதிச்சு தொப்பியோட வந்திருக்காங்க. அவங்களுக்கு ஒரு தடவை நல்லா கைதட்டுங்க. நல்லா தட்டுங்கன்னேன், கொசு அடிக்கற மாதிரி தட்டாதீங்க.

எனக்கு முன்னாடி பத்து பேர் பேசிட்டாங்க, நான் பதினொண்ணாவது ஆளு. எங்க ஊர்ல சொல்லுவாங்க, பத்தோட பதினொண்ணு, அத்தோட இது ஒண்ணுன்னு. கணக்குல சேராத ஆளுக்கு அப்படித்தான் சொல்றது. இந்தப் பழமொழியை இன்னைக்கு இன்னும் ரெண்டு தடவை சொல்லுவேன், பொறுத்துக்கணும்.

செப்டம்பர் மூணாவது வெள்ளிக்கிழமை இந்த நாட்டுல போர்க் கைதிகளையும் காணாமப் போன வீரர்களையும் நினைக்கற நாள். போஸ்ட் ஆபீஸ் வாசல்ல அமெரிக்கக் கொடிக்குக் கீழ கருப்பா ஒரு கொடி பறக்குதே, தலை குனிஞ்ச ஒரு ஆளு, பின்னாடி காவல் கோபுரம், அது இவங்களுக்கான கொடிதான். நம்ம பசங்க அதை ஏதோ கடற்கொள்ளைக்காரங்க கொடின்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. நான் மூணு விஷயம் பேசறேன். ஒண்ணு, அவங்க பேர்ல காப்பு போடற வழக்கம் எப்படி வந்துச்சு. ரெண்டு, என் கையில கெடந்த காப்பு. மூணு, எதிர்ப் பக்கம் வியட்நாம்ல காணாமப் போனவங்க, பாகிஸ்தானோட நடந்த போர்ல காணாமப் போன நம்ம இந்திய வீரர்கள் 54 பேர். நாலாவதா ஒரு கோரிக்கை இருக்கு, அது தலைவருக்கு நல்லாத் தெரியும், மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்.

1969 கடைசியில லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கரோல் பேட்ஸ், கே ஹண்டர்னு ரெண்டு காலேஜ் பொண்ணுங்க. பாப் டார்னன்னு அப்ப டிவியில நிகழ்ச்சி நடத்தினவர், பின்னால அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினர் ஆனவர், காணாமப் போன விமானிகளோட மனைவிங்க மூணு பேரை அவங்களுக்கு அறிமுகப்படுத்தி வெச்சார். புருஷன் செத்தானா ஜெயில்ல இருக்கானான்னே தெரியாத பொண்ணுங்க. டார்னன் கையில வியட்நாம் மலைவாசி மக்கள்கிட்ட வாங்கின ஒரு காப்பு கெடந்துச்சு. அதைப் பாத்துதான் பேரைப் பொறிச்சு காப்பு செய்யலாம்னு அந்தப் பொண்ணுங்களுக்கு யோசனை வந்துச்சு. அவங்க இருந்த மாணவர் அமைப்பு ஆரம்பத்துல விக்டரி இன் வியட்நாம்னே பேர் வெச்சிருந்த போர் ஆதரவு கோஷ்டி, அதையும் சொல்லிடணும். ஆனா காப்பு வந்தப்புறம் போர் வேணும்னவனும் போட்டான், வேண்டாம்னு ஊர்வலம் போனவனும் போட்டான். முதல்ல காசு இல்ல, அமைப்புக்கு ஆலோசகரா இருந்த அம்மாவோட வீட்டுக்காரர் 1,200 காப்புக்கு ஆகற பித்தளையும் செம்பும் கொடுத்தார். 1970 நவம்பர் 11 அன்னிக்கு முறையா ஆரம்பிச்சாங்க. நிக்கல் முலாம் போட்டது ரெண்டரை டாலர், செம்பு மூணு டாலர். ரெண்டரை டாலர்ங்கறது அப்ப அங்க மாணவர் சினிமா டிக்கெட் விலையாம், அதைப் பாத்துதான் விலை வெச்சாங்களாம். கூட்டம் அலைமோதின சமயத்துல ஒரு நாளைக்கு 12,000 பேர் கேட்டு எழுதினாங்க. 1976-ல கடையைக் கட்டறதுக்குள்ள கிட்டத்தட்ட 50 லட்சம் காப்பு கொடுத்திருக்காங்க.

அதுல என்ன எழுதியிருக்கும்? பேர், பதவி, காணாமப் போன தேதி, அவ்வளவுதான். அவரு திரும்பி வர்ற வரைக்கும், இல்ல என்ன ஆச்சுன்னு தெரியற வரைக்கும் கழட்டக்கூடாது. இதை நான் சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டறோமில்ல, கட்டினா ஊர் எல்லை தாண்டக்கூடாது, திருவிழா முடிஞ்சுதான் அவுக்கணும். அதேதான். ஒரே வித்தியாசம், நம்ம திருவிழா பத்து நாள்ல முடிஞ்சிடும்.

சரி, ரெண்டாவது விஷயம். நான் 1971-ல ஓஹியோ வந்தேன், டேட்டன் ஊரு, பக்கத்துலயே ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளம், அதனால தெருவுக்கு ரெண்டு வீடு பட்டாளத்து வீடு. எங்க வீட்டுக்காரர் எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எட்டு டாலரோட வந்தவர், அப்ப ரிசர்வ் பாங்க் அவ்வளவுதான் விடும், அந்த எட்டு டாலர் கதையை சாகற வரைக்கும் சொன்னார். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் தாளை நீட்டி காப்பு வேணுமான்னு கேட்டாங்க, எனக்கு இங்கிலீஷ் பாதி புரிஞ்சுது, காணாமப் போன பையன்ங்கறது மட்டும் நல்லாப் புரிஞ்சுது, மூணு டாலர் கொடுத்துட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாரம் பேசலை. அந்த டிசம்பர்ல நம்ம ஊருக்கும் பாகிஸ்தானுக்கும் போர், அமெரிக்கா என்டர்பிரைஸ்ங்கற போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்புது, டிவியைப் பாத்துட்டு இவர் "உன் காப்புக்காரன் ஊர்க் கப்பல் நம்ம ஊரைப் பாத்து வருது, இன்னும் கழட்டலையா நீ?"ங்கறார். நான் சொன்னேன், கப்பலை நிக்சன் அனுப்பறார், இந்தப் பையன் அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே காணாமப் போயிட்டான், அவன் என்ன பண்ணுவான்னு.

1972 கோடையில எங்க அத்தை, அதான் மாமியார், கும்பகோணத்துலேர்ந்து வந்தாங்க. ஏர்போர்ட்ல கையைப் புடிச்சதும் முதல் கேள்வி, "இது என்னடி பச்சை?" செம்பு இல்லையா, வேர்வையில மணிக்கட்டு பூரா பச்சை பூத்திருக்கும். நான் வெளக்கறதுக்குள்ள அவங்களா முடிவு பண்ணிட்டாங்க, வாத நோய்க்குப் போட்டது, எனக்கு வாதம், பையன்கிட்ட மறைச்சுக் கல்யாணம் பண்ணிட்டாங்கன்னு. ரெண்டு நாள் வீட்டுல ஒரே மௌனம். மூணாம் நாள் நான் பாத்திரம் தேய்க்கறேன், அத்தை வந்து கையை இழுத்து, "வாதமோ பித்தமோ, செம்பை இப்படியா அழுக்கா வெச்சுக்கறது"ன்னு புளியைக் கரைச்சு காப்பைக் கையில இருக்கும்போதே தேய்ச்சாங்க பாருங்க, தங்கம் மாதிரி ஆயிடுச்சு, அப்பதான் எழுத்து தெரிஞ்சுது. "இது யாரு பேரு? என்னடி ஆம்பளைப் பேரா இருக்கு?"

நல்லா சிரிங்க, அன்னிக்கு எனக்கு சிரிப்பு வரலை. உக்கார வெச்சு முழுக்கச் சொன்னேன். கேட்டுட்டு, அத்தை ஒரே கேள்விதான் கேட்டாங்க: "அந்தப் பையன் நட்சத்திரம் என்ன?"

தெரியாது அத்தை, இவங்களுக்கு நட்சத்திரமெல்லாம் கிடையாதுன்னேன். "பொறந்தவனுக்கு நட்சத்திரம் இல்லாம இருக்குமாடி, பாத்து வெச்சிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான். வெறும் பேரை மட்டும் சொன்னா சாமிக்கு யாருன்னு எப்படித் தெரியும், பத்தோட பதினொண்ணு அத்தோட இது ஒண்ணுன்னு போயிடும்." அப்புறம் காப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இந்தத் தேதி என்னன்னாங்க. காணாமப் போன தேதின்னேன். உடனே நீலத்தாள் ஏரோகிராம் எடுத்து கும்பகோணத்துல ஜோசியருக்கு எழுதறாங்க, இந்தத் தேதிக்குப் பழைய பஞ்சாங்கத்துல என்ன நட்சத்திரம்னு பாத்துச் சொல்லவும், அவசரம்னு. ஜோசியர் ஏதோ நம்ம வீட்டுல பொண்ணு ஜாதகம் பாக்கறோம்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு பக்கத்துக்கு ராசிப் பொருத்தமெல்லாம் எழுதி அனுப்பினார், ஆறு வாரம் கழிச்சு வந்துச்சு. உத்திராடம். அதுலேர்ந்து தினம் சாயங்காலம் விளக்கேத்தறப்ப அத்தை வாயில அந்த வெள்ளைக்காரப் பேர் நொண்டி நொண்டி வரும், கூடவே உத்திராட நட்சத்திரம். பேரப் பசங்க பேரெல்லாம் சொன்னப்புறம் கடைசியில. வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்குவார், அப்புறம் அவரே ஒருநாள், "அம்மா இன்னிக்கு உத்திராடக்காரனை விட்டுட்டியே"ன்னு எடுத்துக் கொடுத்தார்.

1973 ஜனவரி 27 பாரிஸ்ல போரை நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, கைதிகள் பட்டியல் பேப்பர்ல வந்துச்சு. நானும் பக்கத்து வீட்டம்மாவும் சமையல் மேசையில பேப்பரை விரிச்சு விரலை வெச்சுத் தேடினோம். அவங்க காப்புப் பேர் இருந்துச்சு, என்னது இல்ல. பிப்ரவரி 12 அன்னிக்கு முதல் விமானம் பிலிப்பைன்ஸ் கிளார்க் தளத்துல வந்து இறங்கினதை டிவியில காமிச்சாங்க. முதல்ல இறங்கினவர் ஜெரமையா டென்டன், 1966-ல வியட்நாம்காரங்க கட்டாயப்படுத்திக் கொடுக்க வெச்ச டிவி பேட்டியில கண்ணைச் சிமிட்டியே சித்திரவதைங்கற சொல்லை மோர்ஸ் தந்திக் குறியில சொன்ன ஆளு. மொத்தம் 591 பேர் வந்தாங்க, 2,646 பேர் கணக்கு தெரியாமப் போச்சு. இன்னைக்கும் 1,500-க்கு மேல பாக்கி. பக்கத்து வீட்டம்மா காப்பைக் கழட்டிட்டு அழுதாங்க, சந்தோஷத்துலதான், ஆனா என் கையைப் பாக்காம அழுதாங்க.

1979-ல என் காப்பு நடுவுல விரிசல் விட்டுடுச்சு, செம்பு வருஷக்கணக்கா வளைஞ்சு நிமிந்தா அப்படித்தான். அதை சாமி அலமாரியில விளக்குக்குப் பக்கத்துல வெச்சேன். அத்தை போன பிறகும் வெள்ளிக்கிழமை விளக்கோட அதையும் சேத்துத் தேய்ப்பேன், இப்ப புளிக்குப் பதிலா பீதாம்பரி. ஒரு தடவை நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில்ல அர்ச்சனைக்குப் பேர் சொன்னேன், குருக்கள் நிமிந்து பாத்து "மாப்பிள்ளையா?"ன்னார். ஆமான்னுட்டேன். வரிசையில பின்னாடி நாப்பது பேர், எங்க வெளக்கறது?

வாஷிங்டன்ல வியட்நாம் போர் வீரர்கள் நினைவா அந்தக் கருங்கல் சுவர் இருக்கே, மாயா லின்னு காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்த பொண்ணு வரைஞ்சு கொடுத்தது, 1982-ல தெறந்தாங்க, 58,000-க்கு மேல பேர். போறப்ப நல்லாப் பாருங்க, ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் குட்டியா ஒரு குறி இருக்கும். வைரக்குறின்னா இறந்தது உறுதி. சிலுவைக்குறின்னா என்ன ஆனார்னு தெரியாது. உடம்பு கெடைச்சு யாருன்னு தெரிஞ்சா சிலுவை மேலயே வைரத்தைச் செதுக்கிடுவாங்க. உயிரோட வந்தா சுத்தி வட்டம் போடறதா ஏற்பாடு. அந்த வட்டத்தைப் போடற வேலை இதுவரைக்கும் வரலை. சுவத்தடியில ஜனங்க காப்பை வெச்சுட்டுப் போறாங்க, அந்த எடத்தைப் பாத்துக்கற பார்க் சர்வீஸ்காரங்க எடுத்துப் பத்திரப்படுத்தறாங்க.

என் காப்புல பேர் இருந்த பையனோட சிலுவை சில வருஷத்துக்கு முன்னாடி வைரமாச்சு. விமானம் விழுந்த மலைச்சரிவுல குழி வெட்டி மண்ணைச் சல்லடையில சலிச்சாங்களாம், ஒரு பல்லும் கையளவு எலும்பும். அம்மா வழியில வர்ற டிஎன்ஏவை வெச்சு அவரோட அக்கா ரத்தத்தோட ஒத்துப் பாத்திருக்காங்க. பேப்பர்ல பாத்துட்டு என் பொண்ணு பென்சில்வேனியாவுக்கு காரை ஓட்டிக்கிட்டுப் போனா, நான் பக்கத்துல. அந்த அக்காவுக்கு எண்பது வயசுக்கு மேல. வீட்டுல ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம், அது நெறைய காப்பு, எல்லாம் அவர் பேர்தான், எங்கெங்கேர்ந்தோ தபால்ல வந்தது. அங்க நானும் பத்தோட பதினொண்ணுதான். ஆனா என்னதை வாங்கினதும் அந்தம்மா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாங்க, மத்ததெல்லாம் கறுத்துக் கெடக்கு, இது மட்டும் ஏன் மின்னுதுன்னு கேட்டாங்க. புளியைப் பத்தி ஆரம்பிச்சேன், அப்புறம் அத்தை, ஜோசியர், நட்சத்திரம் எல்லாம் வந்துடுச்சு. அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு துண்டுத்தாள் எடுத்து உத்திராடம்னு எழுத்துக்கூட்டி எழுதிக்கிட்டாங்க. மூணு தடவை சொல்ல வெச்சாங்க.

மூணாவது விஷயத்துக்கு வரேன், ஆனா செயலாளர் வாட்சைக் காட்டறார். ரெண்டே வரி. வியட்நாம்காரங்க பக்கம் காணாமப் போனவங்க சுமார் 3 லட்சம், அவங்க பேரை யாரு காப்புல பொறிச்சாங்க? நம்ம ஊர் வீரர்கள் 54 பேர் பாகிஸ்தான் சிறையில இருக்காங்கன்னு 1971-லேர்ந்து குடும்பங்க சொல்லுது, பாகிஸ்தான் இல்லைங்குது. இது ரெண்டும் தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டியது, தலைவர் மனசு வெக்கணும்.

இப்ப கோரிக்கை. ஊர் பூரா டிராயர்லயும் கராஜ்லயும் இந்தக் காப்பு கெடக்கு. வீட்டை காலி பண்றப்ப குப்பைக்குப் போகுது, கராஜ் சேல்ல ஒரு டாலருக்குப் போகுது, ஈபேயில ஏலம் விடறாங்க. விக்காதீங்க. பக்கத்து வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க, நம்ம ஊர் ஆளுங்ககிட்டயும் கேளுங்க, அந்தக் காலத்துல வந்தவங்கள்ல என்னை மாதிரி மூணு டாலர் கொடுத்த பைத்தியம் இன்னும் ரெண்டு மூணு இருக்கும். நம்ம சங்கத்துல ஒரு பெட்டி வைக்கணும், அதைத்தான் மூணு வருஷமா கேக்கறேன். தமிழ்ப் பள்ளிப் பசங்க பேரைத் தேடட்டும், ஒவ்வொரு படைக்கும் காஷுவல்டி ஆபீஸ்னு, செத்த, காணாமப் போன வீரர்கள் விஷயத்தைக் கவனிக்கற ஆபீஸ் இருக்கு, குடும்பங்களோட தொடர்பு வெச்சிருக்கறது அவங்கதான், கடிதம் எழுதப் பழகட்டும், தன்னார்வ மணிநேரமும் கணக்காகும். முதல்வரம்மா தலையாட்டறாங்க, எல்லாரும் சாட்சி. பெட்டிக்கு எடம் இல்லைன்னு போன வருஷம் சொன்னாங்க. கோலப்போட்டிக் கோப்பைங்க அடுக்கி வெச்ச அலமாரியில கீழ்த்தட்டு காலி, நான் பாத்துட்டுத்தான் வந்தேன்.

கமிஷனர் அவர்களுக்கு நன்றி, பொறுமையா உக்காந்திருந்த ரெண்டு பெரியவங்களுக்கும் நன்றி. சாப்பாடு கீழ்த்தளத்துல, சாம்பார் சாதமும் தயிர்சாதமும், பெரியவங்களுக்குக் காரம் கம்மியா தனியா எடுத்து வெச்சிருக்கு, அதை யாரும் தொடக்கூடாது. காபி மேசைக்குப் பக்கத்துல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும், மூடியில காப்புன்னு எழுதி ஒட்டியிருக்கேன். பெட்டி வர்ற வரைக்கும் அதுல போடுங்க. உள்ள ஏற்கெனவே ரெண்டு கெடக்கு.