பசித்த வயிறும் ஒற்றைத் தலைவலியும்

(பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, அன்போடு அழைத்த தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் வந்து அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பந்தல் போட்டுத் தந்த ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களின் சாப்பாடு, மனசு, மாத்திரை என மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘பசி வந்தால் பத்தும் பறந்து போகும்’ என்பார்கள். அந்தப் பத்தில் அறிவும் உண்டு, முயற்சியும் உண்டு.

எந்தத் தெருவிலும் இருக்கும் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்கு இரண்டு தோசை. காலை 7.15க்குப் பேருந்து. தலை பின்னவே நேரம் போதாமல் அரை டம்ளர் காபியோடு ஓடுகிறாள். டிபன் டப்பா திறப்பது மதியம் 12.30க்கு. விரல்விட்டு எண்ணுங்கள், பதினாறரை மணி நேரம்! 11 மணிக்குக் கணக்கு வகுப்பில் கொட்டாவி மேல் கொட்டாவி. இனிப்புக்கு நாக்கு ஏங்குகிறது. பக்கத்துப் பெண்ணிடம் சாக்லேட் வாங்கித் தின்கிறாள். மதியத்துக்குள் பொட்டில் ஒரு பக்கம் தெறிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, குமட்டுகிறது. வீட்டில் சொல்கிறார்கள்: “சாக்லேட் தின்னதாலதான்!” தாய்மார்களே, அந்தக் கொட்டாவியும் ஏக்கமும் பல நேரம் வலியின் முன்னறிகுறிகள். சிலருக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கும். சாக்லேட் நின்றது, அடுத்து தயிர், தக்காளி, வேர்க்கடலை. காலைச் சாப்பாடு மட்டும் வரவே இல்லை. இப்போது தட்டைப் பார்த்தாலே அவளுக்குப் பயம். தோழி வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை.

இந்த நோயுள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். மனம் சோர்ந்தால் சிலருக்குச் சோறு இறங்காது, சிலருக்கு நொறுக்குத் தீனி நிற்காது. இரண்டிலும் வேளை தவறும், தூக்கம் கெடும், வலி திரும்பும்.

உணவை ஒவ்வொன்றாக நிறுத்தும் முன் ஒரு நோட்டு போடுங்கள். இரவு கடைசியாகச் சாப்பிட்ட நேரம், காலையில் முதல் கவளம், காபி எத்தனை, தூக்கம், மாதவிலக்கு, வலி, மாத்திரை, அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். 8 வாரம் எழுதுங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு இட்லியும் சாம்பாருமாவது உள்ளே போகட்டும். நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது, பையில் ஒரு கைப்பிடி சுண்டல் இருக்கட்டும். தினம் காபி குடிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை திடீரென நிறுத்தினால் அதுவே தலைவலி தரும், படிப்படியாகக் குறையுங்கள். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸிலும் பேசலாம்.

மாத்திரையைப் பற்றி விரிவாகப் பேச நேரம் இல்லை. ஒன்று மட்டும்: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் என்று மாதக்கணக்கில் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று தெரிந்துதானே 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது? அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தது. பெண் பிள்ளைகளுக்கு ஒற்றைத் தலைவலி கூடுவதோ பருவமடையும் வயதில். பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்த உப்புமாவும் பொங்கலும் தட்டில் விழ வேண்டும். கல்வி அலுவலர் அவர்களே, மனு தங்கள் மேசையில் இருக்கிறது. கையெழுத்துத் தாள்கள் பந்தலின் இடப்பக்கம், தண்ணீர்ப் பானை அருகில் இருக்கின்றன.