கியூ ஆர்டர் கொடுக்கும்போது கைவினைஞருக்கு என்ன எழுத வேண்டும்?

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து ஒரு நேயர் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார். பத்து ஆண்டுகள் ஸ்னூக்கர் ஆடிய அவர், இப்போது பூல் மேசையில் ஆடும் நைன் பால் ஆட்டத்துக்கு வந்திருக்கிறார். அமெரிக்காவில் கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, கையால் கடைந்து தரும் ஒருவருக்கு, "மெல்லிய ஷாஃப்ட், கொஞ்சம் கனமான கியூ, அடி நன்றாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். (கியூவின் முன்பாதி ஷாஃப்ட், கையில் பிடிக்கும் பின்பாதி அடித்தண்டு; 'அடி' என்பது பந்தை அடிக்கும்போது கைக்குத் தெரியும் உணர்வு.) அந்தக் கைவினைஞர் ஒன்பது கேள்விகளைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். "அவருக்கு என் ஆர்டரில் விருப்பம் இல்லையோ?" என்பது இவருடைய சந்தேகம்.

அப்படி நினைக்க வேண்டாம் ஐயா. கேள்வி கேட்காமல் முன்பணம் வாங்கிக்கொள்பவரிடம்தான் நாம் யோசிக்க வேண்டும். நீங்கள் எழுதிய மூன்று விருப்பங்களும் உங்களுக்கு ஒரு பொருளையும் அவருக்கு வேறொரு பொருளையும் தருகின்றன.

முதலில் 'மெல்லிய' என்ற சொல்லைப் பாருங்கள். ஸ்னூக்கர் கியூவின் நுனி ஒன்பது, பத்து மில்லிமீட்டர்தான் இருக்கும். நைன் பால் கியூவில் 13 மில்லிமீட்டர் என்பது நெடுநாளைய வழக்கம்; 12 என்றாலே அவர் அதை மெல்லியது என்பார். அதைவிட முக்கியமானது, நுனியிலிருந்து பின்னால் வரவர ஷாஃப்ட் எப்படித் தடிக்கிறது என்பது. உங்கள் ஸ்னூக்கர் கியூ நுனியிலிருந்தே சீராகத் தடித்துக்கொண்டு போகும். அமெரிக்கக் கியூக்களில் பலவற்றில் முதல் 10 முதல் 15 அங்குலம் வரை தடிப்பு ஏறக்குறைய மாறாது. விரல்களுக்கு நடுவே கியூ வழுக்கிச் செல்லும்போது இந்த வேறுபாட்டைக் கை உடனே கண்டுகொள்ளும். ஆகவே 'மெல்லிய' என்று எழுதாமல், நுனியில் இத்தனை மில்லிமீட்டர், 12 அங்குலம் தள்ளி இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். உறுதியாகத் தெரியவில்லை என்றால் சற்றுத் தடிமனாகவே கேளுங்கள். ஆடிப் பார்த்த பிறகு இன்னும் கொஞ்சம் கடைந்து குறைக்கலாம். கடைந்து எடுத்த மரத்தைத் திரும்பச் சேர்க்க எந்தக் கைவினைஞராலும் முடியாது.

'கனமான' என்ற சொல்லைப் பற்றி என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். நான் அப்போது வைத்திருந்த கியூ 19 அவுன்ஸ், ஏறக்குறைய 540 கிராம். அடிக்கும்போது முன்பக்கம் காற்றில் மிதப்பதுபோல் இருந்ததால், புதிய கியூ கனமாக வேண்டும், 20.5 அவுன்ஸ் இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். எட்டு மாதம் காத்திருந்து வந்த கியூ, தராசில் சொன்ன எடையையே காட்டியது. ஆனால் அந்தக் கூடுதல் எடையை அவர் அடித்தண்டுக்குள் ஒரு எஃகுத் திருகாணியாக வைத்திருந்தார். பாரம் பின்னால் போய்விட்டதால், முன்பக்கம் முன்னைவிட லேசாகிவிட்டது. அவர் செய்ததில் பிழையே இல்லை; எடையைக் கூட்ட வழக்கமான வழி அதுதான். எனக்கு வேண்டியிருந்தது முன்பாரம், நான் எழுதியதோ மொத்த எடை. நீங்கள் இப்போது ஆடும் கியூவை ஆள்காட்டி விரலின்மேல் கிடத்துங்கள். இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அடிமுனையிலிருந்து அந்த இடம் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். வழக்கமான 58 அங்குலக் கியூவில் அது பெரும்பாலும் 18 முதல் 20 அங்குலத்துக்குள் வரும். அந்த இடம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, இன்னும் முன்னே வர வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'நல்ல அடி' என்பதுதான் மூன்றிலும் கடினமானது, ஏனென்றால் அதற்கு அளவுகோல் கிடையாது. நுனியில் ஒட்டிய டிப்பின் தோல், நுனி வளையம், ஷாஃப்டின் வடிவம், நடு இணைப்பு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் கைக்கு வரும் அந்த அதிர்வு. எனவே எந்தக் கியூவில் எந்த அடி உங்களுக்குப் பிடித்தது, எது உறுத்தியது என்று நடந்ததை எழுதுங்கள். "பலமாக அடிக்கும்போது உள்ளங்கையில் சுளீரென்று அதிர்கிறது, அது வேண்டாம்" என்ற ஒரு வரி, அவருக்குப் பத்து உரிச்சொற்களைவிட உதவும்.

சிலர் "பாலபுஷ்கா மாதிரி வேண்டும்" என்று எழுதுவார்கள். புரூக்ளினில் 1959 முதல் கியூ செய்து 1975இல் மறைந்த ஜார்ஜ் பாலபுஷ்காவின்மேல் எனக்கும் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அவருடைய கியூக்களே ஒரே மாதிரியானவை அல்ல. தொடக்கத்தில் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்டிலிஸ்ட் கியூக்களின் கூர்முனை வேலைப்பாடு கொண்ட கட்டையை அவர் எடுத்துக்கொண்டார். பின்னர் பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகிய கியூ கைவினைஞர்கள் செய்த கட்டைகளைப் பயன்படுத்தினார். ஆகையால் அந்தக் கூர்முனைகளின் அழகு வேண்டுமா, எஃகு இணைப்பின் அடி வேண்டுமா, கைப்பிடியில் சுற்றிய ஐரிஷ் லினன் நூல் வேண்டுமா என்று பிரித்துச் சொல்லுங்கள். வாழும் ஒரு கைவினைஞரின் தனி முத்திரையான வடிவத்தை இன்னொருவரிடம் அப்படியே நகலெடுக்கக் கேட்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது இருவரையும் புண்படுத்தும்.

இணைப்பின் மரையை எண்ணாலேயே எழுத வேண்டும். 5/16-14 என்றால் திருகாணியின் குறுக்களவு அங்குலத்தில் 5/16, ஓர் அங்குலத்துக்கு 14 மரை என்று பொருள். 3/8-10 வேறு. உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஷாஃப்ட் இருந்து, அதையும் புதிய அடித்தண்டில் பொருத்த நினைத்தால், இதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊரின் ஈரப்பதத்தையும், ஆடும்போது கை எவ்வளவு வியர்க்கும் என்பதையும் எழுதுங்கள். லினன் வியர்வையை உறிஞ்சும்; சிலருக்குத் தோல் சுற்றுதான் ஒத்துவரும். யானைத்தந்தத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். அமெரிக்கா 2016இலேயே ஆப்பிரிக்க யானைத்தந்த வணிகத்தைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. கோகோபோலோ போன்ற ஈட்டி வகை மரங்கள் எல்லை கடக்க உரிய அனுமதிச் சான்று வேண்டியிருக்கலாம் என்பதால், அதை யார் வாங்குவது என்றும் கேட்டுவிடுங்கள்.

தாமதமாகிறதே என்று வாரம் ஒருமுறை எழுத வேண்டாம். மேப்பிள் கட்டையைச் சிறிது கடைந்து, தொங்கவிட்டு, மரம் அடங்கிய பின் மறுபடி சிறிது கடைவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஷாஃப்ட் பிற்பாடு வளைந்துவிடும். தொலைபேசியில் பேசினாலும், பேசி முடித்த அன்றே முடிவானவற்றை எழுதி அனுப்பி, "இப்படித்தானே?" என்று அவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அளவுகளை மாற்றவே கூடாது, எவற்றை அவர் விருப்பத்துக்கு விடுகிறீர்கள் என்று அதில் தனித்தனியே குறிப்பிடுங்கள்.

இன்று தடிப்பை அளக்கும் காலிப்பர் ஒன்றை எடுத்து, இப்போது நைன் பால் ஆடும் கியூவை நுனியில், 6 அங்குலத்தில், 12 அங்குலத்தில், இணைப்பில் என நான்கு இடங்களில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவருடைய ஒன்பது கேள்விகளுக்கும் அவர் கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுங்கள்.