சாவி கைக்கு வருமுன்: லீசிங் அலுவலகம் பற்றி நேயர் கேட்ட கேள்வி

வணக்கம். நேற்று இரவு வந்த கேள்வி ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கேட்டவருக்கு அவகாசம் அதிகம் இல்லை. சென்னையிலிருந்து டெக்சஸ் மாநிலத்தின் இர்விங் நகருக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கும் நேயர் ஒருவர் எழுதுகிறார்: "ஆகஸ்ட் 1 முதல் குடியிருப்பதாக லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், கையெழுத்திட்டுவிட்டேன். விண்ணப்பக் கட்டணம், அட்மின் கட்டணம், டெபாசிட் எல்லாம் கட்டியாயிற்று. இன்னும் மூன்றே நாள் இருக்கும் நிலையில், அந்த வீடு தயாராகவில்லை, மாதம் 90 டாலர் கூடுதலாக உள்ள வேறு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள், குடியிருப்பின் வாடகை விவகாரங்களைக் கவனிக்கும் லீசிங் அலுவலகத்தில். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் வேறொருவர் பேசுகிறார். முன்பு பேசியவர் சொன்னது இவருக்குத் தெரிவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கையெழுத்திட்டது லீஸில் குறிப்பிட்டுள்ள எண்ணுள்ள வீட்டுக்கும் அதில் எழுதியுள்ள வாடகைக்கும்தான். புதிய வீட்டுக்கான தாளில் நீங்களாகக் கையெழுத்திடாத வரை அந்த 90 டாலர் உங்கள் தலையில் விழாது. ஆகவே அவசரப்பட்டு, "சரி, அதையே கொடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டாலும், வீட்டுக்காரர் என்று ஒருவர் இருப்பார். அவர் வீட்டு வாசலில் போய் நின்று நியாயம் கேட்கலாம். இங்கே உரிமையாளர் ஒரு நிறுவனம், நிர்வாகம் செய்வது இன்னொரு நிறுவனம். உங்களிடம் சிரித்துப் பேசி வீட்டைக் காட்டிய லீசிங் ஏஜெண்டுக்குப் பல இடங்களில் கையெழுத்தாகும் ஒவ்வொரு லீஸுக்கும் ஊக்கத்தொகை உண்டு. கையெழுத்தானதும் அவர் கவனம் அடுத்தவரிடம் போய்விடும். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேலையின் அமைப்பே அப்படி.

வீடு ஏன் தயாராகவில்லை என்பதையும் பார்ப்போம். முன்பு இருந்தவர் காலி செய்த பிறகு வர்ணம் பூசி, தரைவிரிப்பைச் சுத்தம் செய்து, பழுது நீக்கி ஒப்படைப்பதை அவர்கள் மேக்-ரெடி என்பார்கள். கோடையில் லீஸ்கள் கூட்டமாக முடிவதால், 31ஆம் தேதி காலி செய்யும் வீட்டை 1ஆம் தேதியே தருவதாக வாக்களித்துவிட்டு, சிலசமயம் பழைய குடித்தனக்காரர் காலி செய்யாமலே இருக்க, கையைப் பிசைவார்கள். இதற்காகவே டெக்சஸில் புழங்கும் பல லீஸ் படிவங்களில் தாமதம் குறித்து ஒரு பிரிவு இருக்கும். பொதுவாக, தாமதத்துக்கு நிர்வாகம் நஷ்டஈடு தராது. ஆனால் குடியேற முடியாத நாட்களுக்கு வாடகை கிடையாது, குறிப்பிட்ட சூழல்களில் லீஸை நீங்கள் முறித்துக்கொள்ளவும் செய்யலாம். அந்த உரிமைக்கான கெடு மூன்று நாள், ஏழு நாள் என்று மிகக் குறுகியதாக இருக்கும் என்பதால், இந்தக் காணொளியை நிறுத்திவிட்டு உங்கள் லீஸில் அந்தப் பிரிவைத் தேடினாலும் எனக்கு வருத்தமில்லை.

அதன் பிறகு இன்றே அலுவலக மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வீட்டு எண், லீஸ் தொடங்கும் தேதி, ஒப்புக்கொண்ட வாடகை, எந்த நாளில் யார் என்ன சொன்னார் என்ற விவரம், வீடு உறுதியாகத் தயாராகும் தேதியை எழுத்தில் தர வேண்டும் என்ற கோரிக்கை ஆகிய இவ்வளவும் பத்து வரிகளில் அடங்கிவிடும். வேறு வீட்டையே தர விரும்பினால், பழைய வாடகைக்கே தர முடியுமா என்றும் அதில் கேளுங்கள். காலியாக ஒரு வீடு கிடப்பதை அவர்களும் விரும்பமாட்டார்கள்.

இன்னும் லீஸில் கையெழுத்திடாமல் விண்ணப்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெக்சஸ் சொத்துச் சட்டத்தின்படி, பூர்த்தியான விண்ணப்பத்தைக் கொடுத்து ஏழு நாட்களுக்குள் ஏற்றுக்கொண்டதாக அவர்கள் தெரிவிக்காவிட்டால், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகவே கருதப்படும். நிராகரித்தால் விண்ணப்பத்தோடு வாங்கிய டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும். விண்ணப்பக் கட்டணம் வேறு. அது பெரும்பாலும் திரும்பாது. ஆனால் யாரை எந்த அடிப்படையில் தேர்வு செய்வார்கள் என்ற விதிகளை முன்கூட்டியே உங்களிடம் தராமல் நிராகரித்திருந்தால், அதையும் திருப்பித் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். முதல்முறை வீடு எடுத்தபோது எனக்குக் காட்டியது, காட்சிக்காக வைத்திருக்கும் ஒரு மாதிரி வீட்டை. சமையல் மேடையில் கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். சாவி வாங்கும் நாளில், சாமான் ஏற்ற வாடகைக்கு எடுத்த யு-ஹால் வண்டி வெயிலில் நிற்க, கேஷியர்ஸ் செக்கை (வங்கியே தரும் காசோலையை) அலுவலகத்தில் நீட்டிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தால், தரைவிரிப்பு ஈரமாக நாறியது. குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் யாரோ விட்டுப்போன பாதி வெங்காயம் சருகாகக் கிடந்தது. பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ச் சொன்னபோது, "இணையத்தில் புகார் பதிவு செய்யுங்கள்" என்றார் அங்கிருந்த பெண், தலையைக் கூட நிமிர்த்தாமல். பத்து நிமிடத்துக்கு முன்பு, காசோலை என் கையில் இருந்தபோது, அவரே எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தவர். அன்றிலிருந்து, எனக்குரிய வீட்டையே நேரில் பார்த்த பிறகுதான் காசோலையை உறையிலிருந்து எடுக்கிறேன்.

நேயர் கேட்காத ஒன்றும் உண்டு. இர்விங் பகுதியில் மின்சார நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்து, உங்கள் பெயரில் இணைப்பு இருப்பதைக் காட்டினால்தான் பல அலுவலகங்களில் சாவி தருவார்கள். 1ஆம் தேதிக்கு அதைப் பதிவு செய்திருந்தால், குடியேறும் நாள் தள்ளிப்போகும்போது அதையும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வர்ணம் பூசுபவர்கள் ஓடவிடும் ஏசிக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். வாடகைதாரர் காப்பீட்டின் தொடக்க நாளுக்கும் இது பொருந்தும்.

சாவி கிடைத்ததும் பெட்டிகளை இறக்குமுன் எல்லா அறைகளையும் படம் பிடித்துவிட்டு, வீட்டின் நிலையைக் குறிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பல இடங்களில் அதற்கு 48 மணி நேரம்தான் தருவார்கள். முன்பு குடியிருந்தவர் போன பிறகு பூட்டின் சாவி மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். நீங்கள் குடியேறி ஏழு நாட்களுக்குள் தம் செலவில் அதை மாற்ற வேண்டியது அவர்களுடைய சட்டப்படியான பொறுப்பு. மேலாளரிடமிருந்து பதில் வந்ததும் அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள். தாமதப் பிரிவின் வாசகத்தையும் சேர்த்து அனுப்பினால், அடுத்து என்ன எழுதலாம் என்று பார்ப்போம்.